விடியற்காலைக் காப்பகம் கேட்க எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிராமங்கள் ஆகிய ஊர்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகமும் அதற்கான நிதியும் கேட்டு மனு தயாரிக்க உதவிய எல்லோருக்கும் இந்த மடல். பொத்தாம்பொதுவாக நன்றி சொன்னால் யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துபோகும். அடுத்த ஊர்க்காரர்கள் இதே வேலையில் இறங்கும்போது உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, துறைமுகத்தில் மீன் விற்கும் அக்காமார்களுக்கு. "வீட்டில் எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்காதீங்க, எத்தனை மணிக்கு விட்டுட்டுக் கிளம்புறோம்னு கேளுங்க" என்று எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தைத் திருத்தியது அவர்கள்தான். ஏலம் கருக்கலிலேயே தொடங்கிவிடும். பால்வாடிக் கதவு திறக்கும் நேரத்துக்குப் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். மணி போடாத பட்டியலைக் கொண்டுபோனால், "அங்கேதான் பால்வாடி இருக்கிறதே" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். இப்போது படிவத்தில் இருக்கும் கட்டங்கள்: பிள்ளையின் வயது மாதக் கணக்கில், தாய் கிளம்பும் மணி, திரும்பும் மணி, அதுவரை பிள்ளை யார் கையில். கடைசிக் கட்டத்தில் 'அக்கா' என்று வந்தால் அந்த அக்காவின் வயதையும் எழுத வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்பவளே பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை என்றால் அது அங்கேதான் தெரியும்.

வயதை ஏன் மாதத்தில் எழுத வேண்டும் என்று விளக்கிய பால்வாடி டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் அடுத்த நன்றி. தங்கள் வேலைப்பளுவைப் பற்றிய மனு என்று தெரிந்தும் தயங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றிய அரசு 2018-இல் காப்பகங்களுக்கு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல்படி, மூன்று வயதுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேலே 20 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும். 25 பிள்ளைகளில் 15 பேர் மூன்றைத் தாண்டாதவர்கள் என்றால் சின்னவர்களுக்கு இரண்டு பேர், பெரியவர்களுக்கு ஒருவர், ஆக மூன்று பேர். வெறுமனே '25 குழந்தைகள்' என்று எழுதினால் இந்த மூன்றாவது ஆள் காணாமல் போவார். 2017-இல் மாற்றியமைத்த தேசியக் காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைக்கு இருந்தது ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். மாத மதிப்பூதியம் முறையே 3,000, 1,500 ரூபாய். கூட்டி வகுத்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 180 ரூபாய். மாதம் 26 நாள் நடந்தால் நாளொன்றுக்கு 7 ரூபாய்கூட முழுசாக இல்லை. அதில் ஒரு டீயே வராது.

பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்ன ஓய்வுபெற்ற கணக்கருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. முதல் மனுவில் கட்டடம் கேட்டிருந்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, கட்டடத்துக்குப் பணம் வர வழிகள் உண்டு, சம்பளத்துக்குத்தான் இல்லை என்றார். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டிலும் சுவர் எழுப்பலாம், மாதாமாதம் ஆயா சம்பளம் கொடுக்க முடியாது. பூட்டிக் கிடக்கும் புதுக் கட்டடங்கள் அப்படித்தான் உண்டாகின்றன. ஆகவே மனு மாறியது: இருக்கிற பால்வாடியிலேயே காப்பகம், கூடுதல் ஆள், கூடுதல் நேரம். இதற்கு 2022 முதல் ஒன்றிய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் 'பால்னா' திட்டம் இருக்கிறது. மாநிலங்களில் செலவுப் பங்கு 60க்கு 40. மாநிலம் கேட்டு அனுப்பினால்தான் 60 வரும். அதனால் "எங்கள் ஊர்களை மாநிலக் கருத்துருவில் சேர்க்கவும்" என்பதுதான் கோரிக்கை வரி.

பால்னா என்றால் இந்தியில் தொட்டில். அதை அப்படியே தமிழாக்கி 'தொட்டில் திட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். கைவிடப்படும் பெண் குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் முற்றிலும் வேறு. மனு வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி சொல்லாமல் விட முடியாது. கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கையை முழுசாக அச்சடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் தாளில் மட்டும் கோரிக்கை இருந்தால், தாள்கள் பிரிந்த பிறகு மீதியெல்லாம் வெறும் பெயர்ப்பட்டியல். முந்திரி உடைக்கும் பெண்களின் கைரேகைதான் பெரும்பாடு. கொட்டை எண்ணெய் தோலை அரித்து அரித்து, மையில் ஒற்றி எடுத்தால் ரேகை இல்லாமல் வெறும் நீலத் திட்டு விழுகிறது. அதற்குப் பக்கத்தில் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், தெரு, சாட்சிக் கையெழுத்து என நான்கையும் எழுதச் சொன்னதும் அவரே. அந்த எண்ணெய் ஒழுகும் இடத்தில்தான் தவழும் பிள்ளைகளும் இருக்கின்றன என்பதை ஒரு வரியாக மனுவில் சேர்த்தோம்.

சட்டம் சொல்லித்தந்த வழக்கறிஞர்கள், எது எங்களுக்குப் பொருந்தாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். காப்பகம் வைக்கச் சொல்லி 2025 நவம்பர் வரை இரண்டு சட்டங்கள் இருந்தன. தொழிற்சாலைச் சட்டம் 48-ஆம் பிரிவு 30 பெண்களுக்கு மேல் வேலை செய்த ஆலைக்கு. மகப்பேறு பயன் சட்டத் திருத்தம் 50 பேர், அதற்கு மேல் இருந்த நிறுவனத்துக்கு. சிப்காட் ஆலைகளில் இதைக் கேட்க முடிந்தது. வீட்டுத் திண்ணையில் கிலோக் கணக்கில் முந்திரி உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் இரண்டும் எட்டவில்லை. பாகூர் பக்கம் குடியிருப்பவர்களின் பெயரைத் தனித் தாளில் எடுக்கச் சொன்னதும் நல்ல யோசனை. அது புதுச்சேரி, அரசே வேறு. கலந்து கொடுத்தால் எல்லை தாண்டிய பெயர்களைக் காட்டியே முழு மனுவையும் ஒதுக்கிவிட இடமுண்டு.

திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்த மனு ஒன்று, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு முடித்துவைக்கப்பட்டது. அதற்குத் தகவல் உரிமை மனு எழுதித்தந்தவர்களுக்கும் நன்றி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஏன் முடித்தீர்கள் என்று கேட்காமல், "மனு எண் இன்னது எந்தத் தேதியில் எந்த அலுவலரின் இருக்கைக்குப் போனது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேட்டார்கள். 'ஏன்' என்பது தகவல் ஆகாது என்று தட்டிவிடலாம், நகலை அப்படித் தட்ட முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

கிராம சபைக்குத் தெருத் தெருவாக ஆள் திரட்டிய மகளிர் குழுக்களுக்கும், தீர்மானப் பதிவேட்டில் எங்கள் வாசகத்தைச் சுருக்காமல் எழுத ஒத்துக்கொண்ட ஊராட்சிச் செயலர்களுக்கும் வணக்கம். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. கையெழுத்து முடிந்ததும் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், நகல் பிறகு வரட்டும். அடுத்த வாய்ப்புகள் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன் மேலே போய்ச் சேர வேண்டுமென்றால் அக்டோபரைத் தவறவிடக் கூடாது.

இப்படிக்கு,
பெற்றோரும் காப்பகப் பணியாளர்களும்,
கடலூர் முதுநகர், பண்ருட்டி வட்டாரம்

பி.கு.: இரவல் வாங்கிய மைப்பெட்டிகள் இரண்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. ஒன்றின் மூடி உடைந்துவிட்டது. புதிதாக வாங்கித் தந்துவிடுகிறோம்.