சிவப்பு விளக்கில் காலூன்றாமல்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனின் லாரிக்கு எஃப்.சி. முடிந்ததும், அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததும், உன் மகளுக்குப் பள்ளியில் விலையில்லாச் சைக்கிள் கிடைத்ததும் படித்து மகிழ்ந்தேன். பதினோராம் வகுப்புக்கு வந்தால் அரசே சைக்கிள் கொடுக்கும் என்பது எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் எங்கள் பள்ளியின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தீராத ஏக்கம். பொள்ளாச்சிப் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்பார்கள்.

அந்த நல்ல செய்திக்கு அடுத்த பத்தியிலேயே சைக்கிள்காரர்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்திருக்கிறாய். கோவை உக்கடத்தில் சிவப்பு விளக்கில் நீ காரோடு நிற்கிறாய், ஒருவர் சைக்கிளில் நிற்காமல் குறுக்கே போகிறார், பச்சை விழுந்து வந்த ஆட்டோ அவரை இடிக்கப் பார்க்கிறது. "நம்பர் பிளேட் இல்லை, லைசென்ஸ் இல்லை, அபராதம் இல்லை, இவர்களை யார் கேட்பது?" என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்பது நியாயமான கேள்வி. இங்கே 2023 ஜூன் முதல் கேரளம் முழுக்க நூற்றுக்கணக்கான கேமராக்கள் வைத்து ஹெல்மெட் போடாதவரையும் சீட் பெல்ட் போடாதவரையும் பிடிக்கிறார்கள். எண் பலகை இல்லாத சைக்கிளை அந்தக் கேமராக்கள் என்ன செய்ய முடியும்? அதனால் சைக்கிள்காரர் நிற்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்த முடிவை அவர் எப்படி எடுக்கிறார் என்பதைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன். தினமும் ஓட்டுகிறவளுக்கு அது தெரியும்.

நின்ற காரைக் கிளப்ப நீ பாதத்தை லேசாக அழுத்தினால் போதும். நின்ற சைக்கிளைக் கிளப்பத் தொடை இரண்டும் விலை கொடுக்க வேண்டும். இப்போது ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கிறது. சித்தூர் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும், சேர்த்து வைத்த வேகமெல்லாம் வீணாகிறதே என்று மனம் பதறும். கேரியரில் இரண்டு மூட்டையோடு வருகிற பெரியவருக்கு அது இன்னும் கொடுமை. அவர் சிவப்பில் நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், திமிர் அல்ல. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 1982-லேயே இதைப் புரிந்துகொண்டு சட்டம் போட்டார்கள். 'நில்' பலகை உள்ள இடத்தில் சைக்கிள்காரர் முழுதாக நிற்க வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்து, வழிவிட வேண்டியவருக்கு வழிவிட்டுப் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் நம் ஊர்ச் சந்திப்புகளில் அதை நான் கேட்க மாட்டேன். எந்தத் திசையிலிருந்து எது வரும் என்று ஊகிக்க முடியாத இடத்தில் எல்லோரும் நம்பக்கூடிய ஒரே ஏற்பாடு அந்த சிவப்பு விளக்கு. சைக்கிள்காரரும் அதற்கு நிற்க வேண்டும். இதில் உன் கட்சிதான் நானும்.

நிற்பதை அவர் விரும்பிச் செய்ய ஒரு வழி இருக்கிறது. எங்கள் பள்ளியில் படித்துவிட்டுத் திருவனந்தபுரம் போன ஒரு பையன் காரியவட்டத்தில் உள்ள வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய ஓடுதளத்தில், பயிற்சி எடுக்கிறான். சென்ற விடுமுறையில் மைதானத்துக்கு வந்தவன், பேசிக்கொண்டே சைக்கிளை நிறுத்தினான், ஆனால் கால் தரையில் படவில்லை. இரண்டு பெடல்களிலும் கால் வைத்தபடி, முன்சக்கரத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றான். டிராக் ஸ்டாண்டு என்றான். எனக்கு அப்போதே கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது.

இது பந்தயத்திலிருந்து வந்த வித்தை. இரண்டு பேர் மோதும் ஸ்பிரின்ட் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் வருகிறவர் அவர் மறைவில் பலத்தைச் சேமித்துக் கடைசி நொடியில் தாண்டிவிடலாம். ஆகவே இருவரும் மற்றவரை முன்னே விடப் பார்த்து, ஓடுதளத்திலேயே அசையாமல் நிற்பார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜியோவான்னி பெட்டெனெல்லாவும் பிரான்சின் பியர் ட்ரான்டினும் 21 நிமிடம் 57 விநாடி அப்படி நின்றிருக்கிறார்கள். தங்கப் பதக்கம் பெட்டெனெல்லாவுக்குப் போனது. இப்போது விதிப்படி 30 விநாடிக்கு மேல் நிற்க முடியாது. வேகத்துக்கென்றே இருக்கும் ஒரு விளையாட்டில் பொறுமை ஆயுதமாக இருந்தது என்பது உடற்கல்வி ஆசிரியையான எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன்.

அது எப்படி நடக்கிறது என்பதை உன் மகளுக்காக விரிவாகவே எழுதுகிறேன். ஓடும் சைக்கிளுக்குத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் குணம் உண்டு. சக்கரம் சுழல்வதால்தான் அப்படி என்று நாம் நினைத்திருந்தோம், ஆனால் அந்த விளைவு இல்லாதபடி செய்த சைக்கிளும் தானே நிமிர்ந்து ஓடும் என்று 2011-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நின்றுவிட்ட சைக்கிளுக்கு அந்தக் குணம் எதுவும் உதவாது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு டயர் தரையைத் தொடும் இடத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் முன்சக்கரத்தைத் திருப்பி வைக்கிறோம். வலது பக்கம் திருப்பிய சக்கரம் ஓர் அங்குலம் முன்னே உருண்டால் வலப்பக்கம் போகும், பின்னே உருண்டால் இடப்பக்கம் வரும். வலது பக்கம் சாய்கிறாயா, பெடலை லேசாக அழுத்து. இடது பக்கம் சாய்கிறாயா, அழுத்தத்தைத் தளர்த்திப் பின்னே உருள விடு. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும், உண்மையில் சைக்கிள் ஓயாமல் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

பந்தய சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரமும் பின்னால் போகும். நம் சைக்கிளில், பின்னால் மிதித்தால் வெறுமனே சுழலும் ஃபிரீவீல் இருப்பதால் அது நடக்காது. ஆனால் நமக்குச் சாலையே உதவுகிறது. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள் இல்லையா? நாம் இடப்பக்கம் நிற்கிறோம். முன்சக்கரத்தை வலது பக்கம், அதாவது மேட்டை நோக்கித் திருப்பி வைத்தால், அழுத்தத்தை விட்டதும் சரிவு தானாகவே சைக்கிளைப் பின்னே இழுக்கும். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, வலது கால் முன்னே இருக்க வேண்டும். இடது காலை முன்னே வைத்தால் திரும்பிய சக்கரத்தின் பின்பகுதி கட்டைவிரலில் இடிக்கலாம். சீட்டிலிருந்து சற்று எழுந்து, முழங்கையைத் தளர்த்தி, நாலு அடி தள்ளித் தரையில் ஏதாவது ஒன்றைப் பார். முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கட்டும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் லேசாக மேடேறும் மண்தரையில்தான் நான் பழகினேன். உன் மகளும் முதலில் அப்படி ஓர் இடத்தில்தான் பழக வேண்டும், சாலையில் கூடாது.

இதைக் கற்ற பிறகு சிவப்பு விளக்கு எனக்கு வேறாகிவிட்டது. முன்பெல்லாம் தூரத்தில் சிவப்பைப் பார்த்தாலே சலிப்பு வரும். இப்போது பாலக்காட்டுச் சுல்தான்பேட்டையில் சிவப்பு விழுந்தால், எத்தனை விநாடி நிற்கலாம் என்று மனம் ஆவலாகிறது. நிறுத்தக்கோட்டுக்குப் பின்னால், எண்கள் குறைந்துகொண்டே வரும் பலகைக்கு எதிரே நிற்கிறேன். பச்சை விழும்போது கால் பெடலிலேயே இருப்பதால் தடுமாறாமல் நேராகக் கிளம்ப முடிகிறது. காலூன்றி நின்றவர் கிளம்பும்போது முதல் இரண்டு மிதியில் சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடும். பின்னால் பைக்கில் வருகிறவர் எரிச்சல்படுவதும், உரசிக்கொண்டு முந்துவதும் அந்த இரண்டு மிதியில்தான்.

இன்னொன்றும் நடந்தது. முன்பு என்னைப் பார்க்காமலே ஹாரன் அடித்த ஓட்டுநர்கள் இப்போது பார்க்கிறார்கள். ஒரு தனியார் பஸ் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டீச்சரே, வீழல்லே!" (விழுந்துவிடாதீர்கள்) என்று மலையாளத்தில் கவலையோடு கூவினார். அடுத்த வாரம் அதே பஸ் என்னைத் தாண்டும்போது ஒரு முழு ஆள் படுக்கும் அளவு இடம்விட்டுப் போனது. சிவப்பில் நிற்கிற சைக்கிளை அவர்கள் மதிக்கிறார்கள், செல்வி. நானும் அவர்களைப்போலவே காத்திருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. நீ உக்கடத்தில் பார்த்தவரால் உனக்கு எல்லாச் சைக்கிள்மேலும் கோபம் வந்தது என்றால், நிற்கிற ஒருவரால் அந்தக் கோபம் கொஞ்சம் குறையவும் வேண்டும் அல்லவா?

ஆனால் நின்றாலும் திட்டு விழும் இடம் ஒன்று உண்டு. அதை நீ காருக்குள் இருந்து யோசித்திருக்க மாட்டாய். இடப்பக்கம் எப்போதும் திரும்பலாம் என்று பலகை வைத்த சந்திப்பில், நேரே போக வேண்டிய சைக்கிள்காரர் எங்கே நிற்பது? ஓரமாகப் போ என்றுதான் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓரமாக நின்றால் இடப்பக்கம் திரும்ப வந்த பஸ்ஸை மறித்தவராகிறார். ஹாரன் காதைப் பிளக்கும். பதறிப்போய் முன்னே நகர்ந்தால் வரிக்கோட்டில், நடந்து கடப்பவர்களின் மேல் ஏறி நிற்கிறார். அதற்கும் முன்னே போனால் சிவப்பைத் தாண்டியவர். நீ குற்றம் சொல்லும் சைக்கிள்காரர்களில் பலர் இப்படித் தள்ளப்பட்டவர்கள். நான் ஓரத்தை விட்டு விலகி, நேரே போகும் வரிசையில் ஒரு காருக்குப் பின்னால் கார்போலவே நிற்கிறேன், வலது கையால் நேரே என்று காட்டுகிறேன். முதலில் சிலர் முறைத்தார்கள். அந்த இடத்துக்கு எனக்கும் உரிமை உண்டு என்பதால் நான் நகரவில்லை.

எல்லா இடத்திலும் காலூன்றாமல் நிற்பது சரியும் அல்ல. பின்னால் பாரம் ஏற்றிய லாரியோ டிப்பரோ நின்றால் நான் இறங்கி, ஒரு காலை அழுத்தமாக ஊன்றி, திரும்பி ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பேன். முன்னும் பின்னும் ஆடும் சைக்கிள் கிளம்பப்போகிறதா நிற்கப்போகிறதா என்று அவருக்குத் தெரியாது. 2015-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கூகுளின் தானோட்டிக் கார் ஒன்று, நாற்சந்தியில் இப்படி நின்ற சைக்கிள்காரரைப் பார்த்துக் குழம்பிப்போனது. கார் கிளம்பும், சைக்கிள் ஓர் அங்குலம் முன்னே ஊசலாடும், கார் உடனே நின்றுவிடும். மறுபடியும் அதே கதை. பார்ப்பதற்கென்றே செய்த கருவிகள் பொருத்திய காருக்கே அந்த நிலை என்றால், விடியற்காலை முதல் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் நம் மனதை எப்படிப் படிப்பார்?

அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் மட்டும்தான் டிராக் ஸ்டாண்டு. சிக்னலில் காலூன்றத்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இருக்கும் பெரிய பயம் லாரியின் இடப்பக்கம். ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது கதவுக்குக் கீழே, முன் பம்பருக்குச் சற்று முன்னே நிற்கும் ஒரு பிள்ளை அவர் பார்வைக்கு எட்டுவதே இல்லை. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடைவெளி இருக்கிறதே என்று ஓரமாக நுழைந்த சைக்கிள் அங்கேதான் மாட்டுகிறது. பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடக்கூடாது என்று இங்கே தடை இருப்பதால் ஓரளவு நிம்மதி. ஆனால் தேங்காய் லோடும் செங்கல் லோடும் எந்த நேரமும் வருகிறதே.

கரும்பலகையில் படம் போட்டு இதைச் சொன்னேன். தலையாட்டினார்கள், மனதில் பதியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆகவே உன் அண்ணனிடம் எனக்காக ஒன்று கேள். வாளையார் வழியாக லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளி மைதானத்துக்கு லாரியைக் கொண்டுவர முடியுமா? பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓட்டுநர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, மற்றவர்களைச் சைக்கிளோடு வண்டியைச் சுற்றி நிறுத்தி, யார் யார் தெரிகிறார்கள் என்று அவர்களே எண்ணட்டும். தெரியாத இடத்தையெல்லாம் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு அடைத்துவிடுவேன். லாரி ஓட்டுகிறவருக்குச் சைக்கிள்காரரிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். தலைமையாசிரியை சம்மதம் கொடுத்துவிட்டார். டீசல் செலவையும் மதியச் சாப்பாட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓணத் தேர்வுக்கு முன்பாக நடந்தால் நல்லது. மைதானத்தில் சேறு காய்ந்திருக்கும் நாளாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் லாரியின் சக்கரம் புதைந்துவிடும். அண்ணனுக்கு எந்தச் சனிக்கிழமை தோதுப்படும் என்று கேட்டு எழுது. நீயும் மகளோடு வா, அவள் சைக்கிளையும் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வா.

அன்புடன்,
கலா