கணவர் பிடிக்கும் சிகரெட்டும் கணக்கில் சேரும்

ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்காக நீங்கள் வெளியிட்ட குறிப்புகளில், புகை பற்றிய வரி மனைவியிடம் மட்டும் பேசுகிறது. கணவர் பால்கனியில் நின்று ஊதுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். அது முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரம். இன்று பிடிக்கும் சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்து வரும் விந்தணுவில்கூடத் தெரியலாம். எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறைந்தால் பரிசோதனையில் தெரிந்துவிடும், விந்தணுவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான டி.என்.ஏ.வின் சிதைவு சாதாரண விந்துப் பரிசோதனையில் தெரியாது. ‘ரிப்போர்ட் நார்மல்தானே’ என்று தொடர்ந்து ஊதுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஆணுக்கு ஒரு வசதி: விட்ட மூன்று மாதத்தில் புது அணுக்கள் வந்துவிடும். பெண்ணின் கருமுட்டைகளோ பிறக்கும்போதே வந்த கையிருப்பு. புகையில் கரைந்தது திரும்பாது. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுவதும் இதனால்தான்.

கர்ப்ப காலத்தில் முக்கிய எதிரி சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக அது இறுகப் பிடித்துக்கொள்ளும். தாயின் ரத்தத்தைவிடக் கருவின் ரத்தத்தில் சற்றுக் கூடுதலாகவே சேரும். நிகோட்டின் வேறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகைக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாகச் சுமார் 200 கிராம் குறைகிறது. குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன. பக்கத்தில் இருப்பவர் விடும் புகை அளவில் குறைவுதான், ஆனால் வேலை அதேதான். ‘பத்தை நாலாக்கிவிட்டேன்’ என்பதும் பெரிதாக உதவாது. அந்த நாலையும் ஆழமாக இழுத்துப் பழைய நிகோட்டின் அளவை உடல் எட்டிவிடும். முதல் 15 வாரத்துக்குள் முழுதாக விட்டால், பிறப்பு எடை பெரும்பாலும் புகைக்காதவர் குழந்தையின் எடையை ஒட்டியே இருக்கும்.

பிறந்த பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துப் புகைப்பது போதாது. வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும். திரும்பியதும் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம். புகைப்பவர், தாயோ தந்தையோ, குழந்தையுடன் ஒரே படுக்கையில் தூங்கவே கூடாது. தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தின் ஆபத்து அதில் வெகுவாகக் கூடுகிறது.

பழக்கத்தை இன்னும் விட முடியாத தாய் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. பால் கொடுத்து முடித்த பிறகே புகைக்கட்டும். தாய்ப்பாலில் உள்ள நிகோட்டின் பாதியாகக் குறையச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்