பலாலியில் இருந்து மெட்ராசுக்கு

பிள்ளை,

டிசம்பரில் சென்னை வந்து அங்கிருந்து நேரே பலாலியில் இறங்கப் போவதாக நீ சொன்னதில் இருந்து அம்மா ஒரு நிலையில் இல்லை. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் "யாழ்ப்பாணத்துக்கு இப்ப புதுசா பிளேன் விட்டிருக்கினம்" என்று சொன்னாயே, அதுதான் மனதுக்குள் கிடந்து குடைகிறது. புதுசா? உன் அப்பப்பாவும் நானும் அதே வழியில் போய் வந்தவர்கள். போனில் சொன்னால் "ம்" கொட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாய், அதனால் எழுதுகிறேன்.

இலங்கையின் அந்தக்கால விமான நிறுவனமான எயர் சிலோன் முதன்முதலில் பறந்ததே அந்த வழியில்தான். 1947 டிசம்பர் 10, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, பிறகு மெட்ராஸ். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கவே இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. டக்கோட்டா பிளேன்களை வைத்துத்தான் தொடங்கினார்கள், சீதாதேவி, விகாரமகாதேவி என்று அவற்றுக்குப் பெயர். பலாலி ஓடுபாதையும் இரண்டாம் உலகப்போருக்காக வெள்ளைக்காரன் போட்டதுதான்.

எனக்கு எட்டு வயதில் அப்பப்பா என்னை அதில் கூட்டிப்போனார். டக்கோட்டா நிற்கும்போது வால் தரையோடு குந்தியிருக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்கதவால் ஏறினால் சீட் வரைக்கும் மேடேறுவது போல நடக்க வேண்டும். அப்பப்பா ஒரு கையில் வேட்டித் தலைப்பு, மறு கையில் என்னையும் பையையும் பிடித்துக்கொண்டு ஏற, பையில் இருந்து ஒரு பனங்கட்டிக் குட்டான் நழுவி உருண்டு வால் பக்கம் வரை போய்விட்டது. ஹோஸ்டஸ் எடுத்துவந்து சிரிக்காமல் கையில் தந்தார். அந்தக் காலத்தில் மற்றப்படி இந்தியா போவதென்றால் தலைமன்னார் போய்க் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயில். நாங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் மெட்ராசில் நின்றோம்.

1964ல் அவ்ரோ பிளேன் வந்தது. அதன் எஞ்சின் விசில் அடிப்பது போலக் கத்தும், வசாவிளான் வீட்டுக் கிணற்றடியில் நின்றாலே கேட்கும். அந்த வீட்டின் கதை உனக்குத் தெரியும், விடு.

சரி, இவ்வளவு நல்லாய் இருந்தது ஏன் மூடியது என்று கேட்பாய். என்னைக் கேட்டால் லண்டன் ஆசைதான். 1949லேயே ஓர் ஆஸ்திரேலியக் கம்பனியோடு சேர்ந்து லண்டனுக்கும் சிட்னிக்கும் ஓடினார்கள், அது போன பிறகு டச்சுக்காரரின் கே.எல்.எம்., அதுவும் போன பிறகு பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., கடைசியில் பிரான்சின் யூ.டி.ஏ. ஒவ்வொரு முறையும் பெயர் எங்களுடையது, பெரிய பிளேன் அடுத்தவனுடையது. இரவல் சீலையில் கொய்யகம் வைத்த கதை. 1969ல் சொந்தமாக ஒரு ட்ரைடன்ட் ஜெட் வாங்கினார்கள், ஒன்றே ஒன்று. உண்மையில் அவர்களுக்குக் கைவந்தது பலாலி, மெட்ராஸ் மாதிரிக் கிட்டத்து ஓட்டங்கள்தான், அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டா, அரசாங்கம் நடத்தினால் எதுவும் அப்படித்தான் என்பா.

1978 செப்டம்பர் 7, புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள், அவ்ரோ ஒன்று இரத்மலானையில் நிற்கும்போது குண்டு வெடித்து எரிந்தது. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த வருசம் செப்டம்பரில் எயர் லங்கா தொடங்கியது, எயர் சிலோன் என்ற பெயரே போய்விட்டது. அப்புறம் போர், பலாலி ஆமியின் கையில். 2019 நவம்பரில்தான் சென்னையில் இருந்து மறுபடி பிளேன் வந்தது, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. நீ புதுசு என்றது இதைத்தான்.

சின்ன பிளேன், பெட்டியைக் குறைத்துக்கொள். சொக்லேட் எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. ஜன்னல் பக்கம் இடம் கேள். கடல் முடிந்து செம்மண் தோட்டங்கள் தெரியத் தொடங்கினால் போனை உள்ளே வைத்துவிட்டுப் பார், வசாவிளான் அங்கேதான் எங்கேயோ.

அப்பா