பேமிற் காணியில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

வன்னியில் விலைக்கு வரும் கல்வீடுகள் பல உறுதிக்காணியில், அதாவது சொந்த உறுதிப்பத்திரம் உள்ள காணியில், இல்லை. அரச அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட பேமிற் காணியிலோ 30 வருட அரச குத்தகைக் காணியிலோதான் நிற்கின்றன. வீட்டைப் பார்த்தவுடன் முற்பணம் கொடுத்துவிட்டு, பத்திரத்தைப் பிறகு தேடுவதில்தான் எல்லாம் பிழையாகிறது.

பேமிற் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்அனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அதனால்தான் சிலர் ‘அற்றோணி (தமக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தாறம்’ என்கிறார்கள். தயவுசெய்து நம்பவேண்டாம். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் முடிந்தது. அவருக்குப் பிறகு காணிக்கு உரித்தான பின்னுரித்தாளர் வந்து காணியைக் கேட்பார். எத்தனை வருடம் குடியிருந்தாலும் ஆட்சியுரிமை கோர முடியாது.

குத்தகைக் காணியென்றால் மூலப் பத்திரத்தில் தொடக்கத் திகதியைப் பாருங்கள். 2004இல் தொடங்கிய 30 வருடம் 2034இல் முடிகிறது. நீங்கள் வாங்குவது மிச்ச வருடங்களை மட்டுமே. கைமாற்ற அனுமதிக் கடிதம், குத்தகைப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், நில அளவைப் படம், காணிப் பதிவகப் பிரதி ஆகியவற்றைக் கேளுங்கள். படத்திலுள்ள துண்டு இலக்கமும் பத்திரத்திலுள்ளதும் ஒன்றுதானா என்று விரல்வைத்துப் பாருங்கள்.

பத்திரப் பிரதியுடன் முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். முற்பணம் அதற்குப் பிறகு.

காணி விடயங்களில் பணியாற்றுவோர்,
கிளிநொச்சி.