வதனிக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள வதனி,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை டச்பே பக்கம் நடக்கப் போனபோதுதான் முழுதாகக் கேட்டேன். வீட்டில் மகன்மார் இருக்கும்போது அதைப் போட முடியாதே. போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் நீ இடையில் புகுந்து "அது ஒன்றுமில்லையடி" என்று கதையை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பதிவு முழுக்க மகளின் மாதவிடாயைப் பற்றித்தான் பேசியிருக்கிறாய். முடிக்கப் போகும்போது, "எனக்கும் இப்ப கொஞ்சம் கூடத்தான் போகுது, நிற்கிற வயசுதானே" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இருந்தாலும் மகளுடையதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பெரியபிள்ளையாகி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வருவதில்லை. முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்கு இது வழமை. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால், அல்லது ஏழெட்டு நாளுக்கு மேல் போனால், அல்லது வலியில் பள்ளிக்கூடம் போகாமல் படுத்தால் காட்ட வேண்டும். தொடக்கத்திலிருந்தே அதிகமாகப் போகிற பிள்ளைகளுக்கு இரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று ஸ்கான் எடுக்க ஓடாதே. இந்த வயதில் எடுத்தால் சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் நிறையத் தெரியும். நல்ல சுகமான பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும். அதனால் முதல் எட்டு வருடங்களுக்கு ஸ்கானை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (சூலக நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு செய்யக்கூடாது என்பது இப்போதைய மருத்துவ வழிகாட்டல். முகத்தில் முடி, அடங்காத பரு, வேகமாக ஏறும் எடை இருந்தால் அது வேறு கதை. அப்போது கூட்டிப் போ.

சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்தாய், வீடியோ எடுத்தாய், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்தாய். எல்லாம் சரி. ஒரு கலண்டரும் பேனையும் கொடுத்து, வருகிற நாளைக் குறித்து வை என்று பிள்ளைக்குச் சொன்னாயா? நான் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகிறவள். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால் பத்துப் பிள்ளை பெற்ற பாட்டிமாரும் முகட்டைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது உன் கதைக்கு வருவோம். மகளுக்கு நடப்பதற்கும் உனக்கு நடப்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மாதாமாதம் முட்டை வெளிப்பட்டால்தான் புரோஜெஸ்டரோன் சுரக்கும். அதுதான் கருப்பையின் உள்படலத்தை அளவோடு வைத்திருக்கும், நேரத்துக்கு உதிரவும் வைக்கும். முட்டை வராத மாதங்களில் ஈஸ்ட்ரஜன் மட்டும் தனியாக வேலை செய்து படலத்தைத் தடிக்க வைக்கும். பிறகு ஒரு நாள் கட்டி கட்டியாகக் கொட்டும். அவளுடைய உடம்பு இப்போதுதான் பழகுகிறது, உன்னுடையது ஓயப் பார்க்கிறது. ஆனால் அவள் பொறுத்துப் பார்க்கலாம், நீ பொறுக்கக் கூடாது. நாற்பத்தைந்துக்குப் பிறகு இப்படி ஒழுங்கில்லாமல் அதிகமாகப் போனால், அந்தப் படலத்தில் ஒரு துளி எடுத்துப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் "வயசுதான்" என்று சொல்ல வேண்டும். தடித்த படலம் சிலருக்குக் காலப்போக்கில் புற்றுநோயாக மாறுவது உண்டு. கருப்பையில் தசைக்கட்டியாகவும் இருக்கலாம், தைரொயிட் கோளாறாகவும் இருக்கலாம். கருத்தடைக்கு லூப் போட்டிருந்தாயே, அது இன்னும் உள்ளேயா? செம்பு லூப்பும் போக்கைக் கூட்டும்.

"போன வருஷம் பாப் டெஸ்ட் செய்தேன், கிளியர்" என்று நீ சொல்வது இங்கிருந்தே கேட்கிறது. நல்லது. ஆனால் அது கருப்பைக் கழுத்தைப் பார்க்கிற சோதனை. உள்ளே இருக்கிற படலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பெண்களின் சுகநலம் பார்க்க 1996 இல் தொடங்கிய வெல்வுமன் கிளினிக்குக்கு 35 வயதில் வா, 45 வயதில் வா என்று கூப்பிட்டு இந்தச் சோதனையைச் செய்து வருகிறோம். வந்தவர்கள் எல்லோரும் கர்ப்பப்பை முழுக்கச் சோதித்தாயிற்று என்ற நினைப்போடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் பக்கத்திலும் சொல்வது போதாது.

இங்கே ஒரு செய்தி. எங்கள் மாமிக்கு மாதவிடாய் நின்று எத்தனையோ வருடம். கொஞ்ச நாளாக சாமியறை விளக்கை என்னையே ஏற்றச் சொன்னா. முழங்கால் வலி என்றா. பிறகுதான் தெரிந்தது, சாடையாக இரத்தம் படுகிறது, துடக்கு என்று தானே ஒதுங்கியிருக்கிறா. மூலமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாவாம். மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இராது, ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கும். ஆனால் அது வேளைக்கே அறிகுறி காட்டுகிற புற்றுநோய், வேளைக்குப் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். மாமிக்குச் சின்ன ஒரு சதை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள். இப்போது மருமகளுக்கு வேலை செய்யத் தெரியாது என்று பழையபடி ஏசுகிறா. நல்ல சுகம் என்று அர்த்தம்.

1990 இல் அகதி முகாமில் இருந்தபோது உனக்கும் எனக்கும் மாதக்கணக்கில் வராமல் போனது ஞாபகம் இருக்கிறதா? அம்மாமார் வாய் திறந்து கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் எங்களைப் பார்த்த பார்வை! பசியும் பயமும் சேர்ந்தால் மூளையே அந்த வேலையை நிறுத்திவைக்கும் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் வந்தது. அதற்குள் உன் அம்மா போய்விட்டா.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதலில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே போனால் இரத்தசோகை. படி ஏற மூச்சு வாங்குது என்று நீ சொன்னதற்கு வயதைவிட அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். இரும்புக் குளிசை தந்தால் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காதே, உடம்பு இரும்பைச் சரியாக உறிஞ்சாது. பிறகு பெண்நோயியல் கிளினிக்கில் ஸ்கானும் படலச் சோதனையும். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் போகாமல் இருக்கிறாய், தெரியும். அது கடைசி வழி. போகிற நாட்களில் மட்டும் எடுக்கிற டிரனெக்ஸாமிக் அசிட் குளிசையே போக்கைப் பாதியளவுக்குக் குறைக்கும். போக்கைக் குறைக்கிற ஹோர்மோன் லூப்பும் இருக்கிறது. தசைக்கட்டி என்றாலும் மாதவிடாய் நின்ற பிறகு அது தானே சுருங்கும். எதற்கும் முதலில் என்னவென்று தெரிய வேண்டும்.

கோயிலுக்காகப் பாமசியில் மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை வாங்குகிற வேலையையும் விடு. ஒரு தரம் டொக்டரைக் கேட்டு எடுத்தால் பரவாயில்லை. நீ ஒவ்வொரு திருவிழாவுக்கும் எடுக்கிறாய். உண்மையில் எது எப்போது வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டாய். காலில் இரத்தம் உறைந்த குடும்ப வரலாறும் உங்களுக்கு இருக்கிறது, இந்தக் குளிசை அந்த ஆபத்தைக் கூட்டலாம். அந்த வரலாற்றை டொக்டரிடம் மறைக்காதே.

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வருவேன் என்றாய். வா, மகளையும் கூட்டி வா. ஆனால் அதற்கு முதல் வவுனியாவில் இரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. கடைசி மூன்று தரம் வந்த திகதிகளையும் எழுதி அனுப்பு. ஞாபகம் இல்லை என்றால் மகளிடம் கேள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
சாந்தி