கையுறை போட்டுக்கொள், கண்ணு

ஏற்காடு
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். காபிப் பழம் பறிப்பு இன்னும் முடியவில்லை, ஆள் கிடைக்காமல் அப்பா காலையிலிருந்து போனும் கையுமாக அலைகிறார். மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. அக்கா பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனாள், சின்னவனுக்குச் சளி. அத்தை வீட்டு விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது, எழுதினால் எனக்குப் பிரஷர் ஏறும், விடு.

உங்கள் ஊரில் மைனஸ் ஆறு என்று போனில் காட்டுகிறது. வெளியே கிளம்பும்போது கையுறை போட்டுக்கொள். அக்கா பின்னிக் கொடுத்தது கலர் பிடிக்கவில்லை என்றால் கடையில் வாங்கிக்கொள், காசு பார்க்காதே.

உன் புது ஆல்பத்தை அக்கா டிவியில் போட்டாள். அப்பா கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். உன் பழைய ஆல்பம் ஒன்றையும் அவர் பத்து நிமிஷம் தாண்டிக் கேட்டது கிடையாது, நாய்க்குச் சோறு வைக்கணும் என்று எழுந்து போய்விடுவார். நாய் செத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை அசையவே இல்லை. முடிந்ததும் "நல்லா இருக்கு, புரியுது" என்றார். நானும் கேட்டேன். எனக்கும் பிடித்தது. அதுதான் இடிக்கிறது. "உங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா நான் எங்கியோ தப்பு பண்றேன்னு அர்த்தம்" என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்வாயே.

அந்தப் பத்திரிகைக்காரர்கள் உன்னைக் கேட்டதையும் அக்கா தமிழில் சொன்னாள். இனிமேல் வேகமாக வாசிக்கப் போவதில்லை, பழைய பக்கம் திரும்புவதாகவே இல்லை, ஜாஸ் பேஸ்காரர் சார்லி ஹேடனும் இப்படி மாறினவர்தானே என்று சொல்லியிருக்கிறாய்.

சார்லி ஹேடனைப் பற்றி எனக்கேவா சொல்கிறாய்? உன் அறைக் கதவில் அந்த மனிதரை ஒட்டிவைத்துவிட்டு நீ போய்விட்டாய், இன்று வரைக்கும் அவருக்குத் தூசி தட்டுகிறவள் நான். சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் நீ சொன்ன கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். 1937-ல் அயோவாவில் பிறந்தவர். வீட்டில் அத்தனை பேரும் ரேடியோவில் பாடுகிறவர்கள். தூங்கவைக்க அம்மா முணுமுணுத்த பாட்டுக்கு, இரண்டு வயசு நிறையாத பிள்ளை வேறு சுரத்தில் ஒத்துப் பாடியதாம். உடனே ரேடியோவுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். 15 வயசில் போலியோ வந்து தொண்டையைத் தாக்கியது, பாட்டு போனது, நீ வாசிக்கிற அதே பேஸை, ஆளுயர வயலின் மாதிரி நிற்குமே, அதைக் கையில் எடுத்தார்.

இதை நீ முதலில் சொன்னபோது நான் அழுதேன். இசைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். எனக்கு அந்த நோயைத் தெரியும் கண்ணு. அவருக்கு வந்தது மூளைத்தண்டில் இறங்குகிற வகை. முகம், தொண்டை, விழுங்குகிற தசை எல்லாவற்றையும் பிடிக்கும். மூச்சை விட்டுவைத்ததே புண்ணியம். அமெரிக்காவில் 1952-ல் மட்டும் சுமார் 58,000 பேருக்கு வந்தது, சால்க் தடுப்பூசி 1955-ல்தான் வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அந்தப் பையன் பாடகனாகவே இருந்திருப்பான், நீயும் ஒழுங்காக பி.இ. முடித்திருப்பாய்.

1995-ல் சொட்டு மருந்து முகாம் தொடங்கின நாளிலிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தச் சேர்வராயன் மலையில் நான் ஏறி இறங்காத ஊர் இல்லை. பஸ் போகாத ஊருக்கெல்லாம் நடைதான். சொட்டு விட்டதும் பிள்ளையின் இடது கைச் சுண்டு விரலில் மை வைக்கணும். அந்தப் பழக்கம், யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் விரலுக்குத்தான் போகும். இந்தியாவில் போலியோ இல்லை என்று 2014 மார்ச்சில் சான்று கொடுத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ஹேடன் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் தசையெல்லாம் மறுபடி தளர்ந்துவிட்டதாமே. அதில் ஆச்சரியம் இல்லை. கிருமி திரும்பி வருவதில்லை. அன்றைக்குப் பிழைத்த நரம்பெல்லாம் செத்த நரம்பின் வேலையையும் சேர்த்துப் பார்த்து, பல வருஷம் கழித்து ஓய்ந்துபோகும்.

இப்போது கணக்கைப் பார். 1959-ல் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனோடு நியூயார்க் மேடையில் அத்தனை ரகளையாக வாசித்தபோது அவருக்கு 22 வயசு. 1971-ல் போர்ச்சுகல் போய், ஆப்பிரிக்க விடுதலைக்காரர்களுக்கு இந்தப் பாட்டு சமர்ப்பணம் என்று மேடையில் சொல்லி, மறுநாள் விமான நிலையத்திலேயே பிடிபட்டார். (இதை ஏன்டா என்னிடம் சொன்னாய். நீ விமானம் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.) குவார்டெட் வெஸ்ட் என்கிற நால்வர் குழுவைத் தொடங்கினது 1986-ல். அந்த ராத்திரி நேரத்துப் பாட்டுகள், 1940-களின் ஹாலிவுட் படத்து வாசனை. அப்புச்சி இருந்து கேட்டிருந்தால் மாடர்ன் தியேட்டர்ஸ் காலம் திரும்பிவிட்டது என்று உட்கார்ந்திருப்பார். அப்போது ஹேடனுக்கு 49 வயசு. தசை ஓய்ந்தது அதற்கு எவ்வளவோ வருஷம் தள்ளி. ஆக, கை நன்றாக இருக்கும்போதே, ஆசைப்பட்டுத்தான் அந்த மனிதர் மெதுவான பக்கம் போனார். போனவர் பழையதைக் கைவிடவும் இல்லை. அரசியல் பாட்டு வாசிக்கிற அந்தப் பெரிய குழுவை வைத்து 2005-ல்கூட ஓர் ஆல்பம் போட்டார். அதையும் நீதான் வாங்கிவந்து, அப்பா தூங்குகிற நேரத்தில் சத்தமாக வைத்தாய்.

உனக்கு 36. திரும்புவதாகவே இல்லை என்கிறாய். அவரைப் போல என்றால் இரண்டும் அல்லவா இருக்கணும்?

காதும் அவருக்குச் சரியில்லை. ஓயாத இரைச்சல், கொஞ்சம் சத்தம் வந்தாலும் தாங்காது. டிரம்ஸுக்கும் தனக்கும் நடுவில் மேடையிலேயே பிளாஸ்டிக் தடுப்பு வைத்துக்கொள்வார் என்றாய். உனக்குக் காதில் அப்படி ஏதாவது இரைகிறதா? அதற்காக மெதுவாகப் போனாய் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல முடிவு என்பேன். பஞ்சு வைக்காதே, பிரயோஜனம் இல்லை, அதற்கென்று அளவெடுத்துச் செய்கிற அடைப்பான் உண்டு. ஆனால் காதாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது. வெளியே போனால் கையுறை போட்டுக்கொள்.

சேலத்தில் வேலை பார்த்தபோது செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஆள் ஒருவர் என் வார்டுக்கு வந்தார், உன்னிடம் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. நாள் முழுக்க அரம் பிடித்து வெள்ளியை ராவுகிற வேலை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும், சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார், உதறினால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்றுதான் அவர் விட்டுவிட்டார். பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மெதுவாக ராவினார், கேட்டவர்களிடம் இப்போது நுணுக்க வேலை பழகுகிறேன் என்றார். எங்களிடம் வரும்போது கட்டைவிரல் அடிச்சதை குழிவிழுந்து கிடந்தது. முதலிலேயே வந்திருந்தால் ராத்திரியில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டியே பாதி சரியாகியிருக்கும். அதற்கும் கேட்காவிட்டால் ஓர் ஊசி, மிஞ்சினால் சின்ன அறுவை. மணிக்கட்டில் நரம்பு போகிற வழி நெருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். சொல்ல வெட்கப்படுகிற நோயே இல்லை.

இதை ஏன் எழுதினேன் என்றால், நேற்று பழைய காகிதங்களை ஒழித்தபோது அவர் ஞாபகம் வந்தது.

ஆல்பத்தோடு வந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காதான் போட்டுக் கொடுத்தாள், பிறகு நானே கற்றுக்கொண்டேன். நீ முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாய். மேடையில் முழுக்கை போட்டால் நரம்பில் மாட்டும் என்று கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த சட்டையைக்கூடத் திருப்பிக் கொடுத்தவன் நீ. மூன்றாவது பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டும்போது பேஸுக்குப் பின்னால் இடது கையைத் தொங்கவிட்டு உதறுகிறாய். கேமரா அதை விட்டுவிட்டுப் பியானோக்காரருக்குப் போகிறது. நான் போகவில்லை.

குளிராக இருந்திருக்கலாம். பெரிய ஹாலில் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அப்புச்சிக்குச் சர்க்கரை, எனக்குத் தைராய்டு, இரண்டும் இந்த நரம்புக்கு ஆகாது, அதனால் சும்மா ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. அங்கே இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாய் அல்லவா, எதற்கு இருக்கிறது?

உன் கையை நம்பி நீ போனபோது இந்த வீட்டில் யார் உன் பக்கம் நின்றார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். சொல்லிக்காட்டவில்லை. ஏரிக்கரையில் வாக்கிங் வருகிற டாக்டரம்மா உன் பாட்டைப் போனில் கேட்டுவிட்டு, "உங்க பையனா சிஸ்டர், என்ன பக்குவம்" என்றார். வீடு வந்து சேர்கிற வரைக்கும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்குவம் நீயாகத் தேடிப்போனதாக இருந்தால் இந்தக் கடிதத்தில் பாதியைக் கிழித்துப் போட்டுவிடு. இத்தனை கதை சொல்கிற நீ, உன் கதையை மட்டும் பத்திரிகைக்காரனுக்குச் சொல்லிவிட்டு எங்களை அக்கா வாயால் கேட்கவைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஹேடன் 1999-ல் ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை அவரே பாடினார், ஞாபகம் இருக்கிறதா? 15 வயசில் போன குரலை வைத்துக்கொண்டு அறுபது தாண்டின வயசில். நடுங்கும். நீ அதைப் போட்டுக் காட்டினபோது "இவ்வளவு மோசமா பாடுறாரே" என்றேன், ஒரு வாரம் பேசவில்லை நீ என்னோடு. இப்போது அதுதான் எனக்கு அடிக்கடி வேண்டியிருக்கிறது. உடைந்துபோனதை அப்படியே எல்லாருக்கும் காட்டிவிட்டார்.

மேலத்தெரு வாத்தியார் பையன் வருகிற செவ்வாய்க்கிழமை பெர்லின் வருகிறான். காபித்தூள் இரண்டு கிலோ, சிக்கரி போடாதது. மிளகு, நல்லெண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய். அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கிற பாட்டில் காயத்திருமேனித் தைலம், ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிடாதே. லேசாகச் சூடு பண்ணி முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் தேய்த்துவிடு, அழுத்தாதே. தைலம் சுகத்துக்குத்தான், டாக்டரைப் பார்க்கிறதுக்குப் பதில் இல்லை. கூட இருக்கிற அந்தப் பெண்ணைக் கேட்டதாகச் சொல். அவளுக்கும் கையுறை இருக்கிறதா என்று பார்.

கடிதம் கிடைத்ததும் பதில் போடு. நீ வழக்கமாக அனுப்புகிற அந்தக் கட்டைவிரல் பொம்மை வேண்டாம். உன் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளங்கை தெரிகிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. எந்தெந்த விரல் என்றும் எழுது. இடது கையா, இரண்டுமா என்றும்.

அன்புடன்,
அம்மா