மதிப்பெண் போடும் வேலை மாணவருக்கு வேண்டாம்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கட்டுரை நோட்டுகளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு, பிழை திருத்தி, மதிப்பெண்ணும் போடச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். அதில் ஆசிரியரின் சுமை குறைகிறதே ஒழிய மாணவரின் எழுத்து வளர்வதில்லை.

'தி நியூஸ் இஸ் குட்' என்று ஒருவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். கடைசியில் 'எஸ்' இருப்பதால் பன்மை என்று நினைத்து, படிப்பவர் 'இஸ்' மீது கோடு போட்டு 'ஆர்' என்று எழுதுவார். எழுதியவரும் குழம்பி ஏற்றுக்கொள்வார். இருந்த சரியும் போயிற்று!

ஆனால் எங்கே புரியவில்லை என்று சொல்ல இலக்கணப் புலமை தேவையில்லை. அதனால் முதல் வரைவைப் படிக்கும் நண்பருக்கு மூன்று கேள்விகள் போதும். இந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுக. எந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது? இன்னும் என்ன தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது? இவற்றில் முதல் கேள்விதான் உயிர். தான் சொல்ல நினைத்தது வேறு, படித்தவர் எழுதியது வேறு என்றால், 'தப்பு' என்று யாரும் சொல்லாமலே எழுதியவருக்குக் கோளாறு தெரிந்துவிடும்.

பயிற்சி இல்லாமல் இறக்கிவிட்டால் 'குட்', 'நைஸ்' மட்டுமே வரும். முந்தைய வகுப்பிலேயே பெயர் நீக்கிய பழைய பத்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேட வேண்டும். பிறகு மூவர் கொண்ட குழுக்கள், 150 சொல் பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் பேசாமல் படித்து எழுதப் பத்து நிமிடம். இருவர் ஒரே வரியைச் சுட்டினால் அதை அலட்சியப்படுத்த முடியாது. எழுதியவர் விளக்கம் கேட்கலாம், வாதாடக் கூடாது. தொடக்கநிலை மாணவர்கள் கருத்தைத் தாய்மொழியிலேயே எழுதட்டும். இதில் கறார் காட்டுவது வீண்.

திருத்தி எழுத வைக்காவிட்டால் இவ்வளவும் பாழ். இரண்டாம் வரைவோடு, எந்தக் கருத்தை ஏற்றேன், எதை விட்டேன், ஏன் என்று ஒரு சீட்டும் வர வேண்டும். மதிப்பெண் கொடுப்பது நீங்கள்தான். கட்டுரைக்கு மட்டுமின்றி, நண்பரின் பத்திக்கு எழுதிய கருத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். கருத்தைப் பெற்றவர்களைவிடக் கொடுத்தவர்களின் எழுத்தே கூடுதலாக முன்னேறியதை லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் இருவரின் 2009 ஆய்வு காட்டியது.

இலக்கணம் இறுதி வரைவில் வரட்டும். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று: இறந்தகால வினைகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமுள்ள இடத்தில் நண்பர் பென்சிலால் அடிக்கோடு போடட்டும். திருத்துவது எழுதியவரின் வேலை.

இப்படிக்கு,
ஆங்கில மொழிப் பயிற்றுநர்கள் சிலர்